வளவுக்குள் எத்தனை குடும்பம்? மட்டக்களப்பு, அம்பாறை வீடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள், நிவாரணப் படிவம் நிரப்புகிறவர்கள், மகளின் கலியாணத்துக்குக் காணிக் கணக்குப் பார்க்கிறவர்கள், வெளிநாட்டில் வளர்ந்துவிட்டு “உங்கட ஊரில ஏன் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போறார்?” என்று கேட்கிற பிள்ளைகள் என்று பல பேர் சுற்றிச் சுற்றிக் கேட்கிற கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் இல்லை.

ஒரே வளவுக்குள், அதாவது ஒரே வேலிக்குள் உள்ள காணிக்குள், மூன்று வீடு இருக்கிறது. அது ஒரு குடும்பமா, மூன்றா?

தொகைமதிப்புக்கு மூன்று. சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்களைத்தான் அங்கே ஒரு வீட்டார் என்று எடுக்கிறார்கள். தனியாக உலை வைக்கிற ஒரு கிழவியும் ஒரு வீட்டார்தான். உறவே இல்லாத நாலு பேர் ஒன்றாகச் சமைத்தாலும் ஒரு வீட்டார்தான்.

ஆனால் ஆரையம்பதியிலோ களுவாஞ்சிகுடியிலோ ஒரு வளவுக்குள் போய்ப் பாருங்கள். முன்னுக்கு, றோட்டைப் பார்த்தபடி மூத்த மகளின் கல்வீடு. பக்கத்தில் இளையவளின் வீடு, வெளிச்சுவர் இன்னும் பூசவில்லை, ஒரு யன்னலுக்குத் தகரம் அடித்திருக்கும். பின்னால் கிணற்றடியோடு ஒற்றை அறையும் குசினியும், அதில் தாயும் தகப்பனும். கடப்பு ஒன்று, கிணறு ஒன்று. காலையில் மீன்காரர் வந்தால் பேரம் பேசி வாங்குவது தாய்தான், வாங்கிய மீன் மூன்றாகப் பிரிந்து மூன்று சட்டிக்குள் போகும். பேரப்பிள்ளை எந்த வீட்டில் சாப்பிட்டான் என்று யாரும் தேட மாட்டார்கள். இரவில் அவன் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் படுத்திருப்பான்.

இதை மூன்று என்று எழுதினால் பிழை இல்லை. வளவைப் பார்க்காமல் வீட்டை மட்டும் எண்ணிவிட்டு, “குடும்பம் சுருங்கிவிட்டது, உறவு விட்டுப்போய்விட்டது” என்று முடிவு கட்டுவதுதான் பிழை. கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

அந்தக் காலத்தில் எல்லாரும் பெரிய கூட்டுக் குடும்பமாக இருந்தோம் என்கிறார்களே?

அண்ணன் தம்பிமார் எல்லாரும் மனைவி பிள்ளைகளோடு தகப்பன் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிற குடும்பத்தைத்தான் கூட்டுக் குடும்பம் என்று பலர் நினைக்கிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் அது வழக்கமாக இருந்ததில்லை. இங்கே கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவார். அண்ணன் ஒரு ஊரில், தம்பி இன்னொரு ஊரில், இருவரும் தங்கள் மாமியாரின் வளவில். சேர்ந்து இருந்தவர்கள் அக்கா தங்கச்சிமார்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே ஒரே வீடு பெருத்தும் சிறுத்தும் மாறிக்கொண்டே இருக்கும். மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்த அன்று வீட்டில் தாய், தகப்பன், தம்பி, தங்கச்சி, புதுத் தம்பதி என்று ஆறு பேர். கொஞ்சக் காலம் எல்லாருக்கும் ஒரே குசினி. மறுகா பெற்றோர் இளைய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் கட்டிய வீட்டுக்கு மாறிவிடுவார்கள். ஆறு பேர் இருந்த வீட்டில் இப்போது இரண்டு பேரும் ஒரு கைக்குழந்தையும். பதினைந்து வருடம் கழித்து அதே வீட்டில் ஏழு பேர். அவளுடைய மகளுக்குக் கலியாணம் வரும்போது எட்டு. அப்புறம் திரும்பவும் பிரியும். ஒவ்வொரு குடும்பமும் தன் ஆயுளில் சில காலம் கூட்டாகவும் பல காலம் தனியாகவும் இருந்திருக்கிறது. “எங்கட பெரிய குடும்பம்” என்று நினைவில் நிற்பது பெரும்பாலும் அந்த ஆறு பேர், எட்டுப் பேர் இருந்த காலம்தான்.

வீடு ஏன் மகளுக்குப் போகிறது?

இந்தப் பகுதியின் பழைய சமூக அமைப்பே தாய்வழி. குடி என்கிற குலப் பிரிவு தாய் வழியாக வரும். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி, ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள் உபயம் என்பது இன்றைக்கும் பல ஊர்களில் பேசப்படுகிற விஷயம். முஸ்லிம் ஊர்களிலும் தாய்வழிக் குடி உண்டு, பள்ளிவாசல் நிருவாகத்தில் குடி மரைக்காயர்மார் இருந்தார்கள். அக்கரைப்பற்றில் 1969 தொடங்கிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைத் தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கத்திலும் விரிவாகப் பதிந்திருக்கிறார். மொழி ஒன்று, மதம் வேறு, ஆனால் மகளுக்கு வீடு கொடுக்கிற முறை இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கிறது.

முன்பு இந்தப் பகுதியின் முக்குவர் சமூகத்துக்கு முக்குவர் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதன்படி ஒருவரின் முதுசச் சொத்து அவருடைய சொந்தப் பிள்ளைகளுக்கு அல்ல, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். கிறிஸ்டோபர் பிரிட்டோ அதை 1876இல் எழுதி வைத்தார். அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்க விவாகச் சொத்துரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த முறையைச் சட்டப் புத்தகத்திலிருந்து இல்லாமல் ஆக்கியது. சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை. சகோதரியின் பிள்ளைகளுக்கு எழுதிய இடத்தில் சொந்த மகளுக்குச் சீதனமாக எழுதத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். வீடு பெண் பக்கத்திலேயே நின்றது.

இதில் யாழ்ப்பாணத்தைக் கலக்க வேண்டாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை இங்கே பொருந்தாது. மட்டக்களப்புத் தமிழர் ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் பொதுச் சட்டப்படி துணைக்குப் பாதி, மிகுதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் வித்தியாசமின்றிச் சமமாக. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி இஸ்லாமிய முறைப் பங்கு. ஆனால் இரு பக்கத்திலும் முக்கியமான சொத்தான வீடு, மரணத்துக்கு முன்பே, கலியாணத்தோடு சீதன உறுதி எழுதிக் கைமாறி விடுகிறது. பெற்றோர் இறந்தபின் பங்கு பிரிக்க மிஞ்சுவது பெரும்பாலும் வயலும் கொஞ்சத் தென்னங்காணியும்தான்.

பெற்றோர் பின்னால் குடிசைக்குப் போவது பாவம் இல்லையா?

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். கட்டிய வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு ஓலைக் கொட்டிலில் இருக்கிறார்கள் என்று பரிதாபப்படுவார்கள். ஆனால் அந்தத் தாய் தன் வளவை விட்டு எங்கும் போகவில்லை. மகள்மாரின் குரல் கேட்கிற தூரத்தில் இருக்கிறாள். மாமியார் வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருக்கிற மருமகள் என்கிற நிலைமை இங்கே இல்லாததற்குக் காரணமும் இதுதான். அடி விழுந்தால், குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டால், வெளியேற வேண்டியவர் கணவர். வீடு அவளுடையது.

கடைசியில் பெற்றோர் இளைய மகளோடு இருப்பது வழக்கம். ஆனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: உறுதி எழுதும்போது சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள். நொத்தாரிசிடம் ஒரு வரி கூடுதலாகச் சேர்ப்பதுதான். பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கிற உரிமை அவர்களுக்கு நிற்கும். மகளை நம்பாததால் அல்ல. மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளுடைய பங்கு மருமகனுக்கும் பிள்ளைகளுக்கும் போகும், அந்த மருமகன் இன்னொரு கலியாணமும் செய்யலாம்.

ஒரு வீட்டில் இருப்பவர் எண்ணிக்கை எவ்வளவு குறைந்திருக்கிறது?

இலங்கை முழுவதையும் எடுத்தால் 1981இல் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ ஐந்து பேர். 2012 தொகைமதிப்பில் 52 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டார், சராசரி நாலுக்கும் சற்றுக் குறைவு. 2016 வீட்டு வருமானச் செலவின ஆய்வில் 3.8, 2019இல் 3.7.

நம் பக்கத்தில் இந்த மாற்றத்தை ஆண்டு ஆண்டாகப் பின்தொடர்வது கஷ்டம். 1961இல்தான் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது, அதற்கு முந்திய எண்கள் எல்லாம் மட்டக்களப்புக்குள் கலந்து கிடக்கின்றன. 1981க்குப் பிறகு வர வேண்டிய தொகைமதிப்பு போரால் நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது அம்பாறையில் முழுமையாக எண்ணினார்கள், மட்டக்களப்பில் முடியவில்லை. ஆகவே மட்டக்களப்புக்கு 1981க்கும் 2012க்கும் நடுவில் 31 வருட இடைவெளி. அந்த இடைவெளிக்குள் மக்கள் தொகை சுமார் 3 லட்சத்து 30 ஆயிரத்திலிருந்து 5 லட்சத்து 26 ஆயிரமாகியது. வீடுகள் உடைந்ததும் பிரிந்ததும் சேர்ந்ததும் அந்த 31 வருடத்துக்குள்தான்.

ஏன் குறைந்தது?

முதல் காரணம் பிள்ளைகள். 1950களில் இலங்கைப் பெண் ஒருவருக்குச் சராசரி ஐந்து பிள்ளைக்கு மேல். 2016இல் அது 2.2. அம்மம்மாவுக்கு எட்டு, அம்மாவுக்கு நாலு, எனக்கு இரண்டு என்று சொல்கிற பெண்ணை எந்த ஊரிலும் காணலாம். பிறந்த பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்தது, மருத்துவிச்சி வீட்டுக்கே வந்தார், பெண் பிள்ளை படித்தாள், கலியாணம் பிந்தியது. இதில் நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை, நாடு முழுக்க நடந்ததுதான்.

இங்கே மட்டும் உள்ள காரணம் வேறு. மகள் பிறந்தால் வீடு கட்ட வேண்டும். மூன்று குமர் இருந்தால் மூன்று வீடு. மண்சுவரும் கிடுகும் போதும் என்றிருந்த காலத்தில் அது ஊரார் கைகொடுத்து முடிகிற வேலை. 1978 நவம்பர் சூறாவளி அப்படிப்பட்ட வீடுகளை வாரிக்கொண்டு போனபின் கல்லும் சீமெந்தும்தான் வீடு என்று ஆகியது. இப்போது நிலமட்டத்துக்கு அத்திவாரம் எழும்பவே ஒரு குடும்பத்தின் சேமிப்பு முடிகிறது. இரண்டோடு நிறுத்திக்கொள்கிற பல தம்பதிகளின் மனதில் இந்தக் கணக்கு ஓடுகிறது.

போர் வீடுகளை எப்படி மாற்றியது?

ஆண்களை இல்லாமல் ஆக்கியது. 1990 வன்செயல்களுக்குப் பிறகு கிழக்கில் எத்தனையோ வீடுகளில் கணவனும் இல்லை, மரணச் சான்றிதழும் இல்லை. காணாமல் போனவர் என்றால் விதவை என்றும் எழுத முடியாது. இன்று இலங்கையில் ஏறத்தாழ நாலில் ஒரு வீட்டுக்குப் பெண்தான் தலைவி. அதை எல்லாம் போரின் கணக்கில் போட முடியாது, வயது போன விதவைகளும் வெளிநாட்டில் கணவர் இருக்கிறவர்களும் அதற்குள் வருகிறார்கள். ஆனால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் போருக்கு இளம் வயதிலேயே கணவனைக் கொடுத்த பெண்கள் இன்று பேரப்பிள்ளை பார்க்கிறார்கள்.

அந்தப் பெண்கள் பிள்ளைகளைக் கரைசேர்த்ததற்கு அக்கா தங்கச்சி சேர்ந்திருக்கிற வளவு பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். கணவன் போனாலும் அவள் தன் தாயின் வளவில்தான் இருந்தாள். வீட்டை விட்டுப் போ என்று சொல்ல யாரும் இல்லை. அக்காவின் குசினியில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. 2006, 2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் முகாம்களுக்கு வந்தபோது, பக்கத்தில் பக்கத்தில் கூடாரம் கேட்டு வாங்கியதும் இப்படி உறவான பெண்கள்தான்.

சுனாமிக்குப் பிறகு என்ன நடந்தது?

2004 டிசம்பர் 26இல் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரம் பேருக்கு மேல். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு, மட்டக்களப்பில் நாவலடி, கல்லடி என்று கரையோர ஊர்கள் முழுதும். பெண்களும் பிள்ளைகளும் அதிகம் போனார்கள். தாய் இல்லாத வீடுகள் ஒரே காலையில் உண்டாகின. தாய் இறந்தால் பிள்ளைகளைத் தாயின் தங்கச்சியோ அம்மம்மாவோ எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் நீடித்த மாற்றம் மீள்கட்டுமானத்தில் வந்தது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள், பிறகு அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். அதற்குள் பலரை உள்ளே கொண்டுபோய் விட்டாயிற்று. நாவலடி மக்களுக்குத் திராய்மடுவில் வீடு கிடைத்தது. ஒரு வீடு அழிந்தால் ஒரு வீடு, 500 சதுர அடி. பழைய வளவில் மகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த வெறும் காணிக்கு எதுவும் இல்லை. அக்காவுக்கு ஒரு வரிசையில், தங்கச்சிக்கு நாலாவது வரிசையில் வீடு.

அதைவிட மோசமானது உறுதிப் பத்திரம். படிவத்தில் “குடும்பத் தலைவர்” என்ற இடத்தில் கணவரின் பெயரை எழுதினார்கள், வீடும் அவர் பெயரில் வந்தது. தாயின் சீதன உறுதியில் இருந்த வீட்டுக்குப் பதிலாக வந்த வீடு கணவனின் சொத்தாகியது. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த ஒன்று, படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பியதோடு கைமாறியது. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. சில இடங்களில் கூட்டு உரிமை கிடைத்தது. பல இடங்களில் இல்லை. சுனாமி வீட்டில் இருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். மகளின் கலியாணம் பேசுகிற நாளில் அல்ல, இப்போதே.

மத்திய கிழக்குக்குத் தாய் போனால் அது எப்படிப்பட்ட குடும்பம்?

அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளும், பகலில் வந்து போகிற ஒரு தகப்பனும். நடுத் தலைமுறை இல்லாத வீடு. ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள தாய்மார் போவதைத் தடுக்க 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். 2022இல் பொருளாதார நெருக்கடியோடு அது தளர்ந்தது. தாயை மட்டும் குறிவைத்த அந்த விதி எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை, தகப்பன் போக எந்த அறிக்கையும் கேட்கவில்லையே.

இந்தப் பெண்களில் பலர் போவதே தனக்கோ மகளுக்கோ தங்கச்சிக்கோ வீடு கட்டத்தான். பெண்ணுக்குப் பாதுகாப்பாக இருந்த சீதன வீடு, அந்தப் பெண்ணையே பத்து வருடம் வீட்டை விட்டு அனுப்புகிற சுமையாகவும் மாறியிருக்கிறது. வீடு மகளுக்குப் போவது நல்லது. மாப்பிள்ளை வீட்டார் ஓடு, மாபிள், சுற்றுமதில் என்று பட்டியல் கொடுப்பது நல்லதல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

காணி முடிந்துவிட்டால் வளவு என்ன ஆகும்?

எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய நிலம், அது ஏற்கெனவே முடிந்துவிட்டது. காத்தான்குடியில் போய்ப் பார்த்தால் வளவு மேல்நோக்கி வளர்ந்திருக்கும். கீழே மூத்த மகள், வெளிப்பக்கப் படி ஏறினால் இரண்டாவது மகள், அதற்கு மேல் கொங்கிறீற் தட்டில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும், பள்ளிக்கூடம் போகிற கடைசி மகளுக்காக. சாய்ந்தமருது, மருதமுனையிலும் இதே கதை. படுவான்கரையில் இன்னும் காணி இருக்கிறது, ஆனால் வேலை இல்லை. அங்கே வளவு இருக்க, மகள் மட்டக்களப்பு நகரில் வாடகை வீட்டில் இருக்கிறாள்.

வாடகை வீடு வந்தபின்தான் உண்மையான தனிக் குடும்பம் வருகிறது. அம்மம்மா இல்லாத வீடு, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்கு லீவு போட வேண்டிய வீடு.

ஆண் பிள்ளைகள் மட்டும் இருக்கிற பெற்றோர் யாரோடு இருப்பார்கள்?

கஷ்டமான கேள்வி. மகன்மார் எல்லாம் மனைவி வீட்டில். காசு அனுப்புவார்கள், வந்து பார்ப்பார்கள். தாய் தனியாகவோ, தன் சகோதரியின் மகளோடோ இருப்பாள். சிலர் ஒரு மருமகளைக் கூட்டிவந்து வைத்துக்கொள்வதும் உண்டு. நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2012இலேயே 12 சதவீதத்துக்கு மேல். பிள்ளை இரண்டே இரண்டு என்று ஆகும்போது, இரண்டும் ஆணாக இருக்கிற வீடுகள் கூடிக்கொண்டே போகும். இதற்கு நம் ஊர் வழக்கத்தில் இன்னும் ஒழுங்கான ஏற்பாடு இல்லை.

எங்கள் காணி அரச அனுமதிப்பத்திரக் காணி. அது மகளுக்குப் போகுமா?

இப்போது போகலாம். கல்லோயா போன்ற குடியேற்றத் திட்டங்களிலும் வேறு பல இடங்களிலும் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டது. பின்னுரிமையாளர் பெயர் போடாமல் ஒருவர் இறந்தால் மகளுக்கு முன் மகன் என்ற வரிசை அதில் இருந்தது. பெண்ணுக்கு வீடு போகிற ஊரில் அந்த வரிசை எத்தனை குடும்பத்தைக் குழப்பியிருக்கும் என்று யோசியுங்கள். 2022இல் வந்த 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஆண் பெண் வித்தியாசத்தை எடுத்துவிட்டது. ஆனாலும் வரிசையை நம்பி இருக்க வேண்டாம். உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய்ப் பின்னுரிமையாளர் பெயரைப் பதியுங்கள்.

அஸ்வெசும என்கிற அரச நலன்புரி உதவிக்கு ஒரே வீட்டில் இருக்கிற நாங்கள் ஒன்றாகப் போடுவதா, தனியாகவா?

சமையல் தனி, செலவு தனி என்றால் தனி. ஒரே குசினி என்றால் ஒன்று. உள்ளதைச் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு உங்கள் வளவு தெரியும். 2023இல் இந்தத் திட்டம் வந்தபோது பின்வீட்டில் தனியாகச் சமைக்கிற பெற்றோரை மகளோடு சேர்த்து எழுதியதால் உதவி கிடைக்காமல் போனவர்கள் உண்டு. மேன்முறையீட்டில் அதைத் தெளிவாக எழுதலாம்.

எங்கள் குடும்ப வரலாற்றை எழுத வேண்டும். எங்கே தொடங்குவது?

தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று ஆண் வரிசையாகத் தொடங்கினால் பெயர்கள் கிடைக்கும், வாழ்ந்த இடம் தவறிப்போகும். வீட்டிலிருந்து தொடங்குங்கள். அம்மா எந்த வீட்டில் பிறந்தா, அந்த வீடு யாருடைய சீதனம், அவவுக்குக் கலியாணம் முடிந்தபின் அம்மம்மா எங்கே மாறினா, மாமாமார் எந்த ஊருக்குக் கலியாணம் முடித்துப் போனார்கள் என்று கேளுங்கள். பழைய உறுதிகளைப் படம் எடுத்து வையுங்கள், அதில் எல்லை சொல்கிற வரியில் பக்கத்து வளவுக்காரியின் பெயரும் இருக்கும், பெரும்பாலும் அவவும் சொந்தமாகத்தான் இருப்பா. வயதானவர்களுக்கு ஆண்டு நினைவிருக்காது. “சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா? தொண்ணூறு கலவரத்துக்குப் பிறகா? சுனாமிக்கு முதல் அந்தக் கிணறு இருந்ததா?” என்று கேட்டால் ஆண்டு தானாக வந்து விழும்.